தூரத்துச் சொந்தங்கள்

இறந்தவரின் டி.என்.ஏ. கையில் கிடைத்துவிட்டால் அவர் யாரென்று தெரிந்துவிடும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். துப்பறியும் படங்கள் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. உண்மை வேறு. டி.என்.ஏ. தன்னளவில் யாருடைய பெயரையும் சொல்லாது. இன்னொருவரின் டி.என்.ஏ.வோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது வாய் திறக்கும். சேர்த்துப் பார்க்க ஒன்றும் இல்லையென்றால், எவ்வளவு துல்லியமாகப் படித்து வைத்தாலும் அது வெறும் எழுத்து வரிசை.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,400 உடல்கள் யாருடையவை என்று தெரியாமல் பிணவறைக்கு வருகின்றன. அவற்றில் சுமார் 1,000 உடல்கள் ஓராண்டு கழிந்தும் பெயரில்லாமலே இருக்கின்றன. அப்படிச் சேர்ந்துபோனவை 40,000 இருக்கலாம் என்று 2007-ல் அந்நாட்டு நீதித்துறையின் ஆய்விதழ் கணக்கிட்டது. பணமும் ஆய்வகமும் பதிவேடும் குறைவில்லாத நாடு அது. அங்கேயே இந்த நிலை.

காரணத்தைப் புரிந்துகொள்ளப் பழைய முறையை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காவல் துறையின் தேசிய டி.என்.ஏ. தொகுப்பின் பெயர் கோடிஸ். தொடக்கத்தில் 13, 2017 முதல் 20 என்று மிகச் சில இடங்களை மட்டுமே அது டி.என்.ஏ.வில் பார்க்கிறது. அந்த இடங்களில் ஒரு சிறு எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குற்றம் நடந்த இடத்து இரத்தமும் சிறையில் இருப்பவரின் இரத்தமும் ஒன்றா என்று பார்க்க இந்த 20 இடங்களின் எண்கள் தாராளமாகப் போதும். தாய், தகப்பன், பிள்ளை உறவையும் அவற்றால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அப்பால் அவை குருடு. காணாமல்போனவரின் தாயோ பிள்ளையோ முன்வந்து மாதிரி கொடுத்திருந்தால் ஒழிய, இறந்தவரின் எண்கள் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டைவிட்டு ஓடிய பிள்ளை எங்கோ உயிரோடு இருக்கிறது என்று நம்பிப் புகாரே கொடுக்காத குடும்பங்கள் உண்டு. புகார் ஒரு மாநிலத்திலும் உடல் இன்னொரு மாநிலத்திலும் கிடந்த கதைகளும் உண்டு.

ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகருக்கு அருகே, 1981 ஏப்ரல் 24 அன்று, சாலையோரப் பள்ளத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடந்தது. செம்பட்டை முடி, இரட்டைப் பின்னல், குஞ்சம் தொங்கும் மான்தோல் மேலங்கி. காலில் செருப்பில்லை. அடித்தும் கழுத்தை நெரித்தும் கொன்றிருந்தார்கள். பெயர் தெரியாததால் அந்த மேலங்கியே அவர் பெயரானது. ‘பக்ஸ்கின் கேர்ள்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. 37 ஆண்டுகள் அவர் அந்தப் பெயரிலேயே இருந்தார்.

1981-ல் உடற்கூறு செய்தபோது எடுத்த இரத்த மாதிரி தூக்கி எறியப்படாமல் இருந்தது. டி.என்.ஏ.வைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததே 1984-ல்தான். எடுத்து வைத்தவருக்கு அது என்னவாகப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இருந்தது. 2018-ல் அந்த இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. முழுவதையும் படித்து, சொந்தபந்தம் தேடுபவர்கள் தம் டி.என்.ஏ.வைத் தாமே ஏற்றும் ஜெட்மேட்ச் என்ற இணையத் தொகுப்பில் சேர்த்தபோது ஒரு நெருங்கிய உறவு பொருந்தியது. ஒன்றுவிட்ட சகோதர உறவில் ஒரு தலைமுறை தள்ளிய சொந்தம். அதன்பின் பெயரை அடைய நான்கு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அவர் ஆர்க்கன்சாவைச் சேர்ந்த மார்சியா கிங். இறந்தபோது வயது 21. மகள் என்றாவது அழைப்பாள், அல்லது வந்து கதவைத் தட்டுவாள் என்று அவருடைய தாய் வீட்டையும் மாற்றாமல் தொலைபேசி எண்ணையும் மாற்றாமல் இருந்திருக்கிறார்.

இதைச் செய்தவர்கள் காவல் துறையினர் அல்லர். டி.என்.ஏ. டோ ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பினர். அமெரிக்காவில் பெயர் தெரியாத ஆணை ஜான் டோ என்றும் பெண்ணை ஜேன் டோ என்றும் குறிப்பார்கள். அமைப்பின் பெயர் அதிலிருந்து வந்தது. 2017-ல் இதைத் தொடங்கிய இருவரில் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் அணு இயற்பியலில் முனைவர். மார்கரெட் பிரஸ் மொழியியல் படித்தவர், கணினி நிரல் எழுதியவர், துப்பறியும் நாவலும் எழுதியவர். தடயவியல் துறைக்கு வெளியிலிருந்து வந்த இந்த இரு பெண்களின் பங்களிப்பை எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தகும்.

அவர்கள் கையாண்ட முறைக்கு மரபணு வழி வம்சாவளி ஆய்வு என்று பெயர். அது பார்ப்பது 20 இடங்களை அல்ல, ஆறேழு லட்சம் இடங்களை. மனித டி.என்.ஏ.வில் உள்ள 300 கோடி எழுத்துகளில் பெரும்பகுதி எல்லோருக்கும் ஒன்றே. சில இடங்களில் மட்டும் ஒருவருக்கு ‘ஏ’ இருக்கும், இன்னொருவருக்கு ‘ஜி’ இருக்கும். இந்த ஓரெழுத்து வேறுபாடுகளைச் சுருக்கமாக எஸ்.என்.பி. என்பார்கள். ஓரிரண்டு ஒத்துப்போனால் அதில் பொருளில்லை. ஆயிரக்கணக்கில், இடையே முறிவில்லாமல் நெடுகிலும் ஒத்துப்போனால், அந்த நீளத்துண்டை இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் வருகின்றன. அந்தப் பாதி எப்படித் தயாராகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தாய் தன் பெற்றோர் இருவரிடமும் பெற்ற குரோமோசோம்களை அப்படியே கொடுப்பதில்லை; இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாகக் கோத்துப் புதிதாக ஒன்று கொடுக்கிறாள். இரண்டு ஏடுகளை எதிரே வைத்துக்கொண்டு, சில பாடல்களை இதிலிருந்தும் சிலவற்றை அதிலிருந்தும் பெயர்த்தெழுதி மூன்றாம் ஏடு ஒன்றை உண்டாக்குவதுபோல. தலைமுறைகள் கூடக்கூட மூல ஏட்டின் தொடர்ச்சியான பகுதிகள் சிறுத்துக்கொண்டே போகும். எங்கோ இரண்டு ஊர்களில் கிடைத்த இரண்டு ஏடுகளில் ஒரே நீண்ட பகுதி எழுத்து மாறாமல் இருந்தால், அவை எத்தனை படி விலகி வந்தவை என்று பதிப்பாசிரியர் கணித்துவிடலாம் அல்லவா? இங்கும் துண்டின் நீளமே உறவின் தூரத்தைச் சொல்கிறது.

அந்த நீளத்தை அளக்கும் அலகு சென்டிமார்கன். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பொதுவாக இருப்பது சுமார் 3,400 முதல் 3,500 வரை. தாத்தா பாட்டி ஒன்றாக இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரி 870-ஐ ஒட்டி வரும். கொள்ளுத்தாத்தா ஒன்றாக இருக்கும் இரண்டுவிட்டவர்களுக்குச் சுமார் 230. எள்ளுத்தாத்தா ஒன்றாக இருக்கும் மூன்றுவிட்டவர்களுக்கு 70-க்குச் சற்று மேல். அதற்கும் அடுத்த நான்குவிட்ட உறவில் பாதிப்பேருக்குப் பொதுவாக ஒரு துண்டுகூட மிஞ்சியிருக்காது. இரத்த உறவு உண்மையாக இருக்கும், டி.என்.ஏ.வில் அதன் சுவடு இராது. இவை எல்லாம் சராசரிகள். 230 என்று ஒரு பொருத்தம் வந்தால் அது இரண்டுவிட்ட சகோதரராகவும் இருக்கலாம், வேறு நாலைந்து வகை உறவாகவும் இருக்கலாம்.

ஆகவே ஆய்வகம் தரும் பதில் ‘இறந்தவர் இன்னார்’ என்று இருக்காது. ‘இறந்தவருக்கு இன்னார் ஏறக்குறைய மூன்றுவிட்ட சொந்தம்’ என்றுதான் இருக்கும். அந்த இன்னாருக்கு இறந்தவரைப் பற்றி எதுவுமே தெரியாது. நம்மில் எத்தனை பேருக்கு எள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியும்? அவருடைய எல்லாப் பிள்ளைகளின் வழியாக வந்தவர்களில் எத்தனை பேரைத் தெருவில் கண்டால் அடையாளம் காண்போம்?

உண்மையான உழைப்பு இங்கேதான் தொடங்குகிறது. இதற்கும் ஆய்வகத்துக்கும் சம்பந்தமில்லை. பொருந்திய உறவினருக்கு எள்ளுப்பாட்டன் பாட்டி எட்டு இணைகள். இறந்தவர் அவற்றில் எந்த இணையின் வழி வந்தவர் என்று தெரியாது. எனவே எட்டு இணைகளின் பெயர்களையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கீழ்நோக்கி எல்லாப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எழுத வேண்டும். வழியில் இறந்தவரின் இன்னொரு பக்கத்துச் சொந்தம் ஒன்று பொருந்தினால் பாதி கவலை தீரும். முதல் குடும்பத்து ஆண் ஒருவர் இரண்டாம் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்த இடத்தைத் தேடுவார்கள். அந்தத் திருமணம் கிடைத்துவிட்டால், அந்தத் தம்பதியின் பிள்ளைகளில் ஒருவர்தான் இறந்தவர். யாருக்குப் பிறப்புச் சான்று இருந்து இறப்புச் சான்று இல்லையோ, யார் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு எந்தத் தாளிலும் தென்படவில்லையோ, அவர்மேல் விரல் வைப்பார்கள். பிறகுதான் நெருங்கிய உறவினரை அணுகி மாதிரி கேட்டு உறுதி செய்வார்கள்.

மக்கள்தொகைக் கணக்கேடுகள், தேவாலயத் திருமுழுக்குப் பதிவுகள், கல்லறைக் கல்வெட்டுகள், பழைய செய்தித்தாள்கள் எல்லாம் இதற்கு உதவுகின்றன. அமெரிக்கக் கணக்கேட்டுத் தாள்கள் 72 ஆண்டுகள் கழிந்ததும் பெயர் முகவரியோடு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இறந்தவருக்கு இருக்கும் பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தார், அவர்கள் வாழும் ஊர்கள் ஆகியவற்றை எழுதும் இரங்கல் குறிப்பு அங்கே நெடுநாள் வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் துக்கத்தில் எழுதி வைத்த அந்தக் குறிப்புகள் இப்போது பெயர் தெரியாதவர்களுக்கு வழிகாட்டிகளாகியிருக்கின்றன. இந்த உத்திகளை முதலில் செதுக்கியவர்கள் தத்துப் பிள்ளைகள். தம்மைப் பெற்றவர்கள் யார் என்று தேடி, காசு கொடுத்து டி.என்.ஏ. பார்த்து, இரவெல்லாம் வம்சாவளி எழுதியவர்களின் அனுபவமே பிறகு தடயவியலுக்குக் கிடைத்தது.

ஆய்வகப் பக்கமும் எளிதானதல்ல. மண்ணில் பல ஆண்டு கிடந்த எலும்பைப் பொடியாக்கினால் கிடைக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பங்கு மண்ணின் பாக்டீரியாக்களுடையதாக இருக்கும். மிஞ்சும் மனித டி.என்.ஏ.வும் நொறுங்கிப்போயிருக்கும். பல்லும், காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் இருக்கும் கெட்டியான எலும்பும்தான் அதை ஓரளவு காப்பாற்றி வைக்கின்றன. நியாண்டர்தால் மனிதரின் டி.என்.ஏ.வைப் படிக்க உருவான உத்திகள் இங்கே கைகொடுத்தன. அந்த ஆய்வில் இருந்த கலிஃபோர்னியாவின் எட் க்ரீன், வேர் இல்லாத தலைமுடியிலிருந்தே இந்த லட்சக்கணக்கான இடங்களைப் படிக்க வழி கண்டார். முடியின் தண்டில் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே பயன்படும் அளவுக்குத் தேறும் என்பது அதுவரை தடயவியலில் பொதுக் கருத்து.

அந்த முடி உத்தி தீர்த்துவைத்த மர்மங்களில் மிகப் புகழ்பெற்றது ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

1948 டிசம்பர் 1 காலை. அடிலெய்டு நகரின் சோமர்ட்டன் கடற்கரையில் ஒருவர் கடற்சுவரில் சாய்ந்தபடி இறந்துகிடந்தார். நல்ல உடை, மெருகிட்ட காலணி. உடைகளில் இருந்த தயாரிப்பாளர் அடையாளத் துணிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தன. நஞ்சு என்று சந்தேகித்தார்கள். எந்த நஞ்சும் கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் கால்சட்டையின் சிறிய உள்பையில் சுருட்டி வைத்திருந்த காகிதத் துணுக்கு அகப்பட்டது. ‘தமாம் ஷுத்’ என்று அச்சாகியிருந்தது. உமர் கய்யாமின் ருபாயியாத் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும் பாரசீகத் தொடர் அது. முடிந்தது என்று பொருள். அந்தத் துணுக்கு கிழிக்கப்பட்ட நூலும் கிடைத்தது. அதன் பின்னட்டையில் சங்கேதம் போன்ற எழுத்து வரிசைகள். அடிலெய்டு ரயில் நிலையத்தில் உரிமை கோரப்படாமல் கிடந்த ஒரு பெட்டியும் அவருடையதாகவே தோன்றியது. அதில் ஒரு டையில் ‘டி. கீன்’ என்ற பெயர். அந்தப் பெயரில் காணாமல்போனவர் யாருமில்லை.

பனிப்போர் தொடங்கிய காலம். ரஷ்ய ஒற்றன் என்றார்கள். காதல் தோல்வி என்றார்கள். சங்கேதத்தை உடைக்கக் கடற்படை நிபுணர்கள் முதல் பொழுதுபோக்காளர்கள் வரை முயன்றார்கள். 1949 ஜூனில் அவரை வெஸ்ட் டெரஸ் இடுகாட்டில் புதைத்தார்கள். புதைக்கும் முன் காவல் துறை செய்த ஒரு காரியம், வேறெந்த விசாரணையையும்விட முக்கியமானதாகப் பின்னாளில் அமைந்தது. முகத்தின் அடையாளம் அழிந்துவிடக் கூடாதே என்று தலையையும் தோளையும் பிளாஸ்டர் அச்சில் எடுத்து வைத்தார்கள். அந்த அச்சில் சில முடிகள் ஒட்டிக்கொண்டன.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் டெரெக் ஆபட் இந்த வழக்கைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார். சங்கேதத்தை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார். பிளாஸ்டரில் சிக்கியிருந்த முடிகளைக் காவல் துறையின் அனுமதியோடு எடுத்தார். பெரும்பான்மை முடிகள் ஆய்வில் செலவாகிப்போயின. கடைசியில் ஒரு முடியின் தண்டிலிருந்து சுமார் 20 லட்சம் ஓரெழுத்து இடங்கள் படிக்கக் கிடைத்தன. ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஆபட்டும் சேர்ந்து, ஜெட்மேட்சில் பொருந்திய ஒரு தூரத்துச் சொந்தத்திலிருந்து தொடங்கிச் சுமார் 4,000 பேர் கொண்ட வம்சாவளியை எழுதினார்கள். அத்தனை பேருக்கும் நடுவே இறப்புப் பதிவே இல்லாத ஒரு பெயர் நின்றது. கார்ல் வெப். மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் 1905 நவம்பர் 16 அன்று பிறந்தவர். மின்கருவி செய்யும் தொழில். தந்தை வழியிலும் தாய் வழியிலும் இன்றிருக்கும் உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 2022 ஜூலையில் அவர்கள் அந்தப் பெயரை அறிவித்தார்கள்.

பெயர் வந்ததும் மற்றவை வரிசையாக வந்தன. வெப்பின் சகோதரியை மணந்தவரின் பெயர் தாமஸ் கீன். பெட்டியில் இருந்த டை மைத்துனருடையதாக இருக்கலாம். வெப் கவிதையில் ஈடுபாடு உடையவர். மனைவியைப் பிரிந்தவர். மனைவி பின்னர் குடியேறியது அடிலெய்டுக்கு வடமேற்கே உள்ள ப்யூட் என்ற சிற்றூரில். அவரைத் தேடித்தான் வெப் அடிலெய்டு வந்திருக்க வேண்டும் என்பது ஆபட்டின் ஊகம். எனக்கும் அது நம்பத்தக்கதாகவே படுகிறது. தெற்கு ஆஸ்திரேலியக் காவல் துறை 2021 மே மாதம் உடலைத் தோண்டியெடுத்துத் தனியே ஆய்வு தொடங்கியிருந்தது. ஆபட்டின் அறிவிப்பை அது உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அது சரியான எச்சரிக்கை. ஒரே முடியிலிருந்து வந்த முடிவை எலும்பிலிருந்து வரும் முடிவு தனியே உறுதி செய்வதுதான் அறிவியலின் முறை.

70 ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே ஒற்றன் என்று எழுதிய மனிதர், மணவாழ்வு கைவிட்டுப்போன ஒரு மின்கருவித் தொழிலாளர். பரபரப்பை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருக்கலாம். எனக்கு இந்த முடிவு பெரிது. மர்மம் என்ற சுமையை இறக்கி வைத்துவிட்டு, அவர் ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த ஒரு மனிதராகத் திரும்பியிருக்கிறார்.

பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஒஹையோவின் ஈஸ்ட்லேக்கில் 2002-ல் தற்கொலை செய்துகொண்ட முதியவர் ஜோசஃப் நியூட்டன் சாண்ட்லர் என்ற பெயரில் வாழ்ந்தவர். உண்மையான சாண்ட்லர் 1945-ல் டெக்சாசில் ஒரு கார் விபத்தில் இறந்த சிறுவன். முதியவரின் உடலை எரித்துவிட்டார்கள். ஆனால் இறப்பதற்கு முன் அவர் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சையின் திசுத்துண்டு மருத்துவமனையில் மெழுகில் பொதிந்து இருந்தது. அதை வைத்து 2018-ல் அவர் ராபர்ட் நிக்கல்ஸ், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் காயம்பட்டவர், 1960-களில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுப் போனவர் என்று கண்டார்கள். செத்த குழந்தையின் பெயரில் ஏன் ஒளிந்தார் என்பதை எந்த டி.என்.ஏ.வும் சொல்லவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் 1957 பிப்ரவரியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த நான்கு வயதுச் சிறுவனின் கதை இன்னும் கனமானது. தலைமுறை தலைமுறையாகக் காவலர்கள் அவனைத் தம் பிள்ளையாகவே நினைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கல்லறைக்குப் போய்வந்தார்கள். 1998-ல் ஒருமுறையும் 2019-ல் மறுமுறையும் தோண்டியெடுத்தார்கள். கிடைத்த டி.என்.ஏ. அவ்வளவு சிதைந்திருந்ததால் அதைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவரவே ஃபிட்ஸ்பாட்ரிக்கின் குழுவுக்கு இரண்டரை ஆண்டு பிடித்தது. தாய்வழிச் சொந்தம் ஒன்று பொருந்தியது. அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்தார்கள். 2022 டிசம்பர் 8 அன்று நகரக் காவல் துறை அவன் பெயரைச் சொன்னது. ஜோசஃப் அகஸ்டஸ் ஜரெல்லி. கொன்றவர் யார் என்பதை அன்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

இந்த முறையைப் பற்றிய அச்சங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970-80களில் தொடர் வன்புணர்வும் கொலையும் செய்த ஜோசஃப் டி ஆஞ்சலோவை 2018 ஏப்ரலில் பிடித்தது இதே உத்தியால்தான். சொந்தபந்தம் தேடுவதற்காகத் தம் டி.என்.ஏ.வை ஏற்றியவர்களுக்குத் தாம் காவல் துறைக்கு உதவியதே தெரியாது. ஒருவர் தன் மாதிரியைக் கொடுக்கும்போது, சம்மதம் கேட்கப்படாத தன் சொந்தங்கள் அத்தனை பேரின் கதவையும் கொஞ்சம் திறந்து வைக்கிறார். அதே 2018-ல் மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழுவினர் ஒரு கணக்குக் காட்டினார்கள். சுமார் 13 லட்சம் பேர் கொண்ட தொகுப்பு இருந்தால், ஐரோப்பிய வழி வந்த அமெரிக்கர் ஒருவரைத் தேடும்போது மூன்றுவிட்ட உறவோ அதைவிட நெருங்கியதோ அதில் கிடைக்க வாய்ப்பு 60 சதவீதம். 2019 மே மாதம் ஜெட்மேட்ச் விதியை மாற்றியது. காவல் துறைத் தேடலுக்குத் தாமாகச் சம்மதம் தருபவர்களின் மாதிரி மட்டுமே இனிக் காட்டப்படும் என்றது. சுமார் 10 லட்சம் பேரின் பதிவுகள் ஒரே நாளில் காவல் துறையின் பார்வையிலிருந்து மறைந்தன. குற்றவாளியைத் தேடுவதையும் இறந்தவரின் பெயரைத் தேடுவதையும் பின்னர் அது தனித்தனியாக வைத்தது. முன்னதற்கு மறுப்புச் சொன்னவர்களின் மாதிரிகளோடும் அடையாளம் தெரியாத உடல்களை ஒப்பிடலாம். இந்தப் பாகுபாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். முதலாவதில் தூரத்துச் சொந்தம் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப உதவுகிறார். இரண்டாவதில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப உதவுகிறார்.

வீடும் எப்போதும் கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2001 செப்டம்பரில் ஒரு விடுதி அறையில் தற்கொலை செய்துகொண்ட இளைஞர், பதிவேட்டில் லைல் ஸ்டீவிக் என்று பொய்ப்பெயர் எழுதியிருந்தார். 2018-ல் அவர் யாரென்று கண்டுபிடித்தார்கள். குடும்பத்தார் பெயரை வெளியிட வேண்டாம் என்றார்கள். ஆண்டுக்கணக்கில் அவருக்காக உழைத்த தன்னார்வலர்களும், அவர் கதையைத் தொடர்ந்த ஆயிரக்கணக்கானோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பெயரைக் கண்டுபிடிப்பது அறிவியலின் வேலை. அதை ஊருக்குச் சொல்வதா என்பது குடும்பத்தின் உரிமை.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்த முறை எல்லோருக்கும் சமமாக வேலை செய்வதில்லை. தொகுப்புகளில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழி வந்தவர்கள். கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடினால் 1870-க்கு முன் சுவர் எழும்பும். அடிமைகளாக இருந்தவர்களை அதற்கு முந்தைய கணக்கேடுகள் பெயர் சொல்லிப் பதியவில்லை. எல்லை தாண்டி வந்து பாலைவனத்தில் இறந்த மெக்சிக்கர், குவாத்தமாலாக்காரர்களின் சொந்தங்கள் இந்தத் தொகுப்புகளில் அரிது. உயிரோடு இருந்தபோது பதிவேட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு இறந்த பிறகும் இடம் கிடைப்பதில்லை.

நம் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்மணம் வழக்கமாக உள்ள சமூகங்களில் இந்தச் சென்டிமார்கன் கணக்கு தடுமாறும். அஷ்கெனாசி யூதர்களிடம் இதை வம்சாவளி ஆய்வாளர்கள் நன்றாகவே அறிவார்கள். ஒரே மூதாதையரிடமிருந்து பல வழிகளில் துண்டுகள் வந்து சேர்வதால், தூரத்து உறவும் நெருங்கிய உறவைப் போலத் தோன்றும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81-இல் இந்த நெருக்கம் யூதர்களைவிடவும் ஃபின்லாந்து மக்களைவிடவும் அதிகமாக இருந்தது. அக்காள் மகளை மணப்பதும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் பழகிய நம் குடும்பங்களில் சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடும். காகிதத் தடமும் நமக்குக் குறைவு. குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடும். பெண்கள் வழியாகப் போகும் கிளைகளை எழுதி வைத்த வீடுகள் மிகக் குறைவு. ஆக, அமெரிக்காவில் நடந்ததை அப்படியே இங்கே நடத்த முடியாது.

முடியக்கூடியது ஒன்று இருக்கிறது. 2019-ல் மக்களவைக்கு வந்த டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதாவில், காணாமல்போனவர்களுக்கு ஒரு தொகுப்பும் அடையாளம் தெரியாமல் இறந்தவர்களுக்கு ஒரு தொகுப்பும் வகுக்கப்பட்டிருந்தன. குற்றவாளிகள், சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஆகியோருக்கான தொகுப்புகளும் அதே மசோதாவில் இருந்ததால் அந்தரங்க உரிமை பற்றிய நியாயமான கேள்விகள் எழுந்தன. 2023 ஜூலையில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. காணாமல்போனவர்களின் தாய்தந்தையர் தாமாக முன்வந்து தரும் மாதிரியை உரிமை கோரப்படாத உடல்களின் மாதிரியோடு மட்டும் ஒப்பிடும் தனிச் சட்டம் ஒன்றை யாரும் எதிர்க்கப்போவதில்லை. அதற்குக் கோடிஸ் காலத்துப் பழைய உத்தியே போதும். ஆறு லட்சம் இடங்களைப் படிக்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் என்றாவது வரும்போது ஒப்பிட ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். மார்சியா கிங்குக்கு இரத்தம் இருந்தது, வெப்புக்குப் பிளாஸ்டரில் முடி இருந்தது, நிக்கல்சுக்கு மெழுகில் திசு இருந்தது. நம் செய்தித்தாள்களில் ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45’ என்று வரும் உடல்கள், சில நாள் பிணவறையில் காத்திருந்த பிறகு எரிக்கப்படுகின்றன, அல்லது புதைக்கப்படுகின்றன. அதற்கு முன் ஒரு பல்லை எடுத்து, எண்ணிட்டு, உலர்வாகப் பூட்டி வைப்பதை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கட்டாயமாக்க வேண்டும். ஓர் அரசாணை போட்டால் இதைத் தொடங்கிவிடலாம். மசோதா திரும்ப வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.